அரணைக்கு நஞ்சு வைத்தவர்கள்

அரணை கடித்தால் மரணம் என்று சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அரணைக்கு நஞ்சு கிடையாது. இந்த நாட்டில் இருக்கிற பல்லி, ஓணான், பச்சோந்தி, உடும்பு எதற்குமே மனிதரைக் கொல்லும் நஞ்சு கிடையாது. கரையானையும் பூச்சியையும் தின்றுவிட்டு, ஆள் அரவம் கேட்டால் சருகுக்குள் ஓடி ஒளிகிற ஒரு சீவன் மேல் கொண்டுபோய்ச் சாவை ஏற்றி வைத்திருக்கிறார்கள். தொட்டால் கேடு, நக்கினால் சாவு, கண்ட இடத்தில் அடி. இந்த வாசகங்கள் எங்களுக்குப் பழக்கமானவை. எங்கள் மேலும் இவற்றைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். ஆகவே இல்லாத நஞ்சை ஏற்றிச் சொன்னது யார், அதனால் ஆதாயம் அடைந்தது யார் என்று விசாரிக்கிற உரிமை மற்ற எவரையும்விட எங்களுக்கு அதிகம்.

சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் இப்போது திருச்செங்கோடு, நாமக்கல் பக்கமெல்லாம் பெருகியிருக்கிறார்கள். நல்லதுதான். பள்ளிக்கூடங்களில் படம் காட்டுகிறார்கள், ஊர்வன இனங்கள் அழிகின்றன என்கிறார்கள். அழிவது உண்மை. யாரால் அழிகிறது என்று வரும்போதுதான் வில்லங்கம். கவட்டை வைத்திருக்கும் கறுத்த பையன் படத்தில் வருகிறான், சட்டியில் வேகும் உடும்பு வருகிறது. பொக்லைன் வருவதில்லை, கல்குவாரி வருவதில்லை, மனை பிரித்து விற்கிறவர் வருவதில்லை. ஊர்வனவற்றை அழிக்கிறது சேரிக்காரன் சட்டி என்கிற இந்தக் கதையாடலை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஊர்வனவற்றுக்குள்ளேயே ஒரு சாதி அடுக்கு கட்டப்பட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். பல்லி சுவரில் கத்தினால் சகுனம். அது எந்தப் பக்கம் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே போட்டிருக்கிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் வைத்து, தொட்டால் தோசம் போகும் என்கிறார்கள். நல்லபாம்பு ஒரு சாமிக்குக் கழுத்து மாலை, இன்னொரு சாமிக்குப் படுக்கை. ஓணானுக்கு வேறு கதை. ராமன் தாகத்துக்குக் கேட்டபோது அணில் தண்ணீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் பெய்து கொடுத்ததாம். அதனால் அணிலுக்கு முதுகில் தடவல், ஓணானுக்குக் கல்லடி. சின்ன வயதில் எங்கள் ஊரில் எல்லாத் தெருப் பையன்களும் இதைச் சொல்லிக்கொண்டுதான் ஓணானை அடித்தார்கள். புல்லில் சுருக்குப் போட்டுப் பிடித்து, வாயில் மூக்குப்பொடியைத் திணித்து, அது கிறுகிறுத்து ஆடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். கொடுமை செய்வதற்கு முன்னால், படுகிறவன் ஏற்கெனவே குற்றம் செய்தவன் என்று ஒரு புராணம் தேவைப்படுகிறது. எங்கள் பிறப்புக்கு எத்தனை புராணம் எழுதினார்கள் என்று நாம் படித்திருக்கிறோம்.

பாம்பையும் விடவில்லை. மருத்துவ நூல் என்று கொண்டாடப்படும் சுசுருத சங்கிதை, பாம்புகளைப் பிராமணப் பாம்பு, சத்திரியப் பாம்பு, வைசியப் பாம்பு, சூத்திரப் பாம்பு என்று நாலாகப் பிரிக்கிறது. முத்துப்போல வெள்ளிபோல மின்னுவது, நல்ல மணம் உள்ளது பிராமணப் பாம்பாம். பஞ்சமப் பாம்பு என்று ஒன்றை அது சொல்லவில்லை. பாம்புகளின் வருணத்துக்குள்ளும் எங்களுக்கு இடம் ஒதுக்கவில்லை போலிருக்கிறது. கடிபட்டவனைப் பிழைக்கவைப்பதற்காக எழுதிய பகுதியிலேயே கடித்ததன் சாதியைக் கேட்கிற புத்தி இருக்கிறதே, அந்தப் புத்திதான் இன்றைக்கும் சட்டமாக, படமாக, பிரசங்கமாக வருகிறது.

எங்கள் திருச்செங்கோட்டு மலைக்கு நாகமலை, நாககிரி என்றெல்லாம் பெயர். ஆதிசேடனும் வாயுவும் போட்ட சண்டையில் மேருவிலிருந்து பிய்ந்து விழுந்த துண்டு இது, சேடன் சிந்திய ரத்தத்தால் சிவந்து செங்கோடு ஆனது என்பது தலபுராணம். படிவழியில் ஏறினால் பாறையில் அறுபதடி நீளத்துக்கு ஐந்து தலைப் பாம்பைச் செதுக்கியிருக்கிறார்கள். மஞ்சளும் குங்குமமும் கொட்டிக் கொட்டி அது செக்கச்செவேலென்று கிடக்கிறது. அதே மலையின் அடிவாரத்தில் ஒரு சாரைப்பாம்பு வாசலில் தலைகாட்டிவிட்டால் தடியைத் தேடுகிறார்கள். நஞ்சில்லாத பாம்பு, எலியைத் தின்கிற பாம்பு என்பதெல்லாம் அப்போது எடுபடாது. அடிக்க ஆள் வேண்டும் என்றால் எங்கள் வளவுக்குத்தான் ஆள் விடுவார்கள். எங்கள் ஐயன் காலத்தில் அதற்குக் கூலி ஒரு செம்பு மோர், அதுவும் தூக்கி ஊற்றுவது, கையேந்திக் குடிப்பது. கல்பாம்பைக் கும்பிட ஒரு சாதி, உயிர்ப்பாம்பை அடித்துத் தூக்கிப்போட ஒரு சாதி. அடித்துப் போட்டவன் மறுநாள் 'பாம்படிக்கிற பய' ஆகிவிடுவான்.

அந்த மலைக்கு 2015 ஜூன் 23ஆம் தேதி வந்த கோகுல்ராஜை விட்டுவிட்டு நான் மலையைப் பற்றி எழுத முடியாது. பொறியியல் படித்த தலித் இளைஞர். வேறு சாதித் தோழியோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் கடத்தப்பட்டு, மறுநாள் பள்ளிபாளையம் பக்கத்தில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. வாழிடம் வாழிடம் என்று பேசுகிற நண்பர்கள், ஒரு மலையில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். நிலத்தைப் பேசிவிட்டு சாதியைப் பேசாமல் போக இந்த நாட்டில் வழி இல்லை.

இனி சட்டிக்கு வருகிறேன். நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். பெரும்பாணாற்றுப்படை பாடத்தில், எயினர் குடியிருப்புக்குப் போகிற பாணனுக்கு நாய் பிடித்துவந்த உடும்பை வறுத்துச் சோற்றோடு தருகிற இடம் வரும். புறநானூற்றிலும் உடும்பின் நிணம் விருந்தாளிக்குப் போகிறது. 'பண்டைத் தமிழரின் விருந்தோம்பற் பண்பு' என்று பரீட்சையில் கேள்வி. நன்றாக எழுதினால் நல்ல மதிப்பெண். பாடம் முடிந்த கையோடு கூடப் படித்தவன் ஒருவன் என் பக்கம் திரும்பி, "உங்க வளவுல இப்பவும் இதெல்லாம் திங்கறதுண்டாடா?" என்றான். வகுப்பே சிரித்தது. இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் தின்றால் பண்பாடு, எங்கள் அம்மாயி தின்றால் இழிவு. ஏட்டில் இருக்கிற உடும்புக்கு உரை எழுதுகிறவர்கள் சட்டியில் இருக்கிற உடும்புக்கு மூக்கைப் பொத்துகிறார்கள்.

கறியைத் தின்றவன் இழிந்தவன் ஆனான், சரி. தோலைத் தட்டியவர் என்ன ஆனார்? கஞ்சிரா என்கிற வாத்தியம் இருக்கிறது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அதைக் கருநாடக இசைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று இசை வரலாறு சொல்கிறது. பலா மரச் சட்டத்தில் இறுக்கி ஒட்டியிருக்கும் தோல் உடும்புத் தோல். தண்ணீர் தெளித்துச் சுருதி இறக்கி வாசிப்பார்கள். சட்டம் வந்தபிறகு ஆட்டுத் தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் பலர் மாறியிருக்கிறார்கள். ஆனால் அத்தனை காலமும் அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? யார் புதரில் கைவிட்டுப் பிடித்தார்கள், யார் உரித்தார்கள், யார் காயவைத்தார்கள்? அவர்கள் பெயர் எந்தச் சபாவின் மலரிலும் இல்லை. தோல் மேடை ஏறியது, கறி சேரியில் தங்கியது. மேடை ஏறியதற்கு விருது, சேரியில் தங்கியதற்கு வசவு.

இதைவிட ஒரு கூத்து உண்டு. 'ஹத்தா ஜோடி' என்று ஒரு பொருளை, ஏதோ அபூர்வ மூலிகையின் வேர், இரண்டு கை கூப்பினதுபோல் இருக்கும், பணப்பெட்டியில் வைத்தால் லட்சுமி வரும் என்று சொல்லி இந்தியா முழுக்க விற்றார்கள். இணையத்தில்கூட விற்றார்கள். அது வேரே இல்லை, ஆண் உடும்பின் உலர்த்திய பிறப்புறுப்பு என்பது 2017இல் பரவலாக அம்பலமானது. உடும்பின் பிறப்புறுப்புக்குக் குங்குமம் வைத்துப் பூசை அறையில் கும்பிட்டவர்கள் யாரும் 'உடும்பு தின்னி' என்று வசவு வாங்கவில்லை. அவர்கள் பக்தர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் பட்டியலில் இருக்கிறது. யானை, புலி இருக்கிற அதே பட்டியல். கொன்றால் குறைந்தது மூன்று வருசம், கூடினால் ஏழு வருசம் சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். உடும்பைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பேச வேண்டியது அதே சட்டத்தின் இன்னொரு வரியைப் பற்றி. 'வேட்டை' என்றால் என்ன என்று இரண்டாம் பிரிவில் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். சுடுவது, பொறி வைப்பது, நஞ்சு வைப்பது மட்டும் வேட்டை இல்லை. ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ முட்டையிட்ட இடத்தையோ குலைப்பதும் வேட்டைதான். படிக்கத் தெரிந்த தோழர்கள் அந்தப் பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

உடும்பு மண்கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரையான் புற்றுக்குள்ளும் இடும். ஒரு ஈட்டுக்கு இருபது, சில சமயம் அதற்கும் மேல். முட்டை பொரிய மாசக்கணக்கில் ஆகும். அத்தனை மாசமும் அந்தப் புற்று குலையாமல் இருக்க வேண்டும். அப்படியானால் மனை போடுவதற்காகப் பத்து ஏக்கரை ஒரே நாளில் மட்டம் அடிக்கிற பொக்லைன் வேட்டைக்காரனா இல்லையா? கரட்டுக்கு வெடி வைக்கிற குவாரி வேட்டைக்காரனா இல்லையா? சட்டம் வேட்டைக்காரன் என்கிறது. ஆனால் புற்றை இடித்ததற்காகப் பொக்லைன் முதலாளி ஒருவர் இந்தப் பிரிவில் கைதானார் என்று எங்கள் பக்கம் நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆடி மாசம் அதே புற்றுக்குப் பாலும் முட்டையும் ஊற்றிவிட்டு, ஆவணியில் அதே இடத்துக்கு அளவுக்கல் நடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சித்தப்பன் கதையைச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கரடு. அதில் குவாரி வந்தது. வெடி போட ஆரம்பித்த ரெண்டு வருசத்தில் கரட்டில் இருந்த சீவனெல்லாம் இறங்கி ரோட்டுக்கு வந்தன. லாரியில் அடிபட்டுச் செத்தவை போக ஒரு உடும்பு மிஞ்சி, ரோட்டோரக் குழாய்க்குள் புகுந்து கிடந்தது. சித்தப்பன் பிடித்தார். வேலையில்லாத நாள், வீட்டில் ஆறு வாய். எவனோ போன் போட்டான். வண்டி வந்தது, பிடித்துக்கொண்டு போனார்கள். முதல் பட்டியல் என்பதால் லேசில் வெளியே விடவில்லை. ஜாமீனுக்கும் வக்கீலுக்குமாக இரண்டு ஆடும் சித்தியின் தோடும் போயின. வழக்குக்கு நடந்து நடந்து அவருடைய தறிவேலையும் போயிற்று. வாய்தாவுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அவர் சொன்னார்: "ஒரு உடும்பப் புடிச்சவன் நானு. ஒரு கரட்டையே தின்னவன் அங்க காருல போறான் பாரு." இதைவிடச் சரியாக எந்த ஆய்வாளரும் சொல்லிவிட முடியாது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல்லை விளக்க வேண்டும். எங்கள் பக்கம் காடு என்றால் வனம் இல்லை. சோளமும் கடலையும் விளைகிற மானாவாரி நிலத்துக்குத்தான் காடு என்று பேர். காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. வேலியடியில் வருசக்கணக்காகச் சேர்ந்த சருகு. அந்தச் சருகுதான் அரணையின் வீடு. குட்டியில் வால் சிவந்திருக்கும் பாம்பராணியும் அங்கேதான். காலே இல்லாததுபோல் வழுக்கி ஓடும், துரத்தினால் வாலை விட்டுவிட்டுப் போய்விடும். வேலி மேல் ஓணான், கொடியோடு கொடியாகப் பச்சோந்தி. காட்டு நடுவில் பனை. பனையில் காய்ந்து தொங்கும் மட்டைக்குள் பல்லி, அதைத் தின்ன ஏறும் பாம்பு. மூலையில் புற்று. கிணற்றின் கல்லிடுக்கில் தண்ணீர்ப்பாம்பு, அடியில் ஆமை. காட்டைத் தாண்டினால் கரடு, அதாவது மண் மூடாத பாறைக்குன்று. உடும்பு வெயில் காய்வதும் விரியன் பதுங்குவதும் எங்கள் ஆடு மேய்வதும் அங்கேதான். அப்புறம் ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு. பட்டா இல்லாத இந்த இடங்களில்தான் பட்டா இல்லாத எங்கள் சனமும் பட்டா இல்லாத இந்தச் சீவன்களும் ஒண்டிக் கிடந்தோம். எங்கள் பையன்கள் பண்ணயத்துக்கு ஆடு மேய்க்கப் போனபோது அவர்களுக்கு எழுத்து சொல்லித் தர ஆள் இல்லை. எந்தப் பொந்தில் கை விடலாம், எதில் விடக் கூடாது என்பதை இந்தக் கரடுதான் சொல்லிக் கொடுத்தது.

இவை எப்படிப் போயின? கிளுவை வேலியை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினார்கள். கம்பிக்கு அடியில் சருகு ஏது, சருகு இல்லாமல் அரணை ஏது? பனையைச் செங்கல் சூளைக்கு அறுத்துப் போட்டார்கள். ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021இல்தான் அரசு அறிவித்தது. அதற்குள் எத்தனை காடு மொட்டையாகிவிட்டது! திருச்செங்கோடு ரிக் வண்டிக்குப் பேர்போன ஊர். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போகிற வண்டிகள் எங்கள் ஊர் வண்டிகள். ஊரார் நிலத்தில் ஆயிரம் அடி இறக்கியதுபோல உள்ளூரிலும் இறக்கினார்கள். திறந்த கிணறு வற்றியது, வற்றினதில் குப்பையைக் கொட்டி மூடினார்கள், அதோடு ஆமை போயிற்று. கரடு ஜல்லியாகி எம்.சாண்டாகி லாரி ஏறிப் போனது. மேய்ச்சல் புறம்போக்கில் கட்டடம் எழும்பியது. இதில் எந்த வேலையை எங்கள் வளவு முதலாளியாக நின்று செய்தது? கூலிக்குக் கல் உடைத்தோம், கூலிக்கு வேலி வெட்டினோம். லாபக் கணக்கில் எங்கள் பேர் இல்லை. பழிக் கணக்கில் மட்டும் எப்படி முதலில் வருகிறது?

நாங்கள் போன பிறகு அறிஞர்கள் வந்தார்கள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துச் சங்ககிரிப் பாறைகளில் புதுப் பாறைப்பல்லி ஒன்றைக் கண்டு 2019இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் பேர் 'நிமாஸ்பிஸ் அகர்வாலி'. பல்லி ஆராய்ச்சி செய்கிற ஒருவரின் பேர். அதே ஆண்டு ஏற்காட்டுப் பக்கம் கண்ட ஒரு பல்லிக்கு 'நிமாஸ்பிஸ் தாக்கரேயி' என்று, மும்பை அரசியல் குடும்பத்து இளைஞர் ஒருவரின் பேர். அவர் இந்தத் துறையில் ஆர்வம் உள்ளவர் என்கிறார்கள், இருக்கட்டும். கண்டவர்கள் பேர் வைப்பது அவர்களுடைய முறை, அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊரின் பேரையே வைத்த 'ஹெமிடாக்டைலஸ் சங்கரியென்சிஸ்' என்ற பல்லியும் அதே ஆண்டில்தான் வந்தது. நான் கேட்பது வேறு. அந்தப் பாறையில் ஆடு மேய்த்தவன், கல் உடைத்தவன், சுள்ளி பொறுக்கியவள் அந்தப் பல்லியைப் பார்த்ததே இல்லையா? பார்த்தவர்கள் பேச்சுக்கு அறிவு என்ற அந்தஸ்து ஏன் இல்லை? 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பேரே மக்கள் பதிவேடு. எங்கள் வளவுக்கு வந்து எங்கள் அம்மாவிடம், 'அரணை எத்தனை விதம் பார்த்திருக்கிறீர்கள்?' என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "அரணை ஒண்ணும் பண்ணாதுங்க, அது பாட்டுக்குப் பூச்சி தின்னுட்டுப் போவும், உடுங்க" என்று அவர் சொல்லியிருப்பார். மரணப் பழமொழியைப் படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, களை வெட்டுகையில் அரணையை ஒதுக்கிவிட்டு வெட்டியவர் அவர்.

இந்த அறிவுக்கு வாய்ப்புக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் சாட்சி. பாம்புத் தோல் வியாபாரம் நடந்த காலத்தில் பிடித்துக் கொடுத்தது அவர்கள், கொழுத்தது வியாபாரிகள். 1972 சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் வந்தபோது வியாபாரி வேறு தொழிலுக்குப் போனான், இருளர் வயிறு காய்ந்தது. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதே கைகள் பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டன. இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்து போனதுதான். 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்க முடியாமல் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப் போனார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று மேலான காலத்தில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. விருது மாலையைப் பார்த்துக் கை தட்டிவிட்டுப் போவதோடு முடித்துக்கொள்ளக் கூடாது. பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் காக்கவும் தெரியும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட சம்பவம் இது. ஒப்புக்கொண்டதை மற்ற சேரிகளுக்கும் குடிகளுக்கும் ஏன் நீட்டவில்லை என்று கேட்க வேண்டும்.

அந்த மருந்து யாருக்கு? இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020இல் வந்த ஆய்வு சொல்கிறது. அதற்கு முன் 2011இல் வெளியான ஆய்வு, இறந்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் கிராமத்தார், 77 பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியே செத்தவர்கள் என்றது. கிராமத்தார் என்றால் பண்ணயக்காரரா, களை வெட்டும் பெண்ணா? கட்டிலில் படுப்பவரா, தரையில் படுப்பவரா? எங்கள் அருந்ததியர் சனம் கொங்கு நாட்டுக்கே செருப்புத் தைத்தவர்கள். கவலை இறைக்கத் தோல் தைத்துக் கொடுத்து இந்தக் காட்டையெல்லாம் விளையவைத்தவர்கள். தைத்த செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்கத் தடை. கையில் தூக்கிக்கொண்டு நடந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. வெறுங்காலோடு இருட்டில் மடை திருப்பப் போனவனைக் கட்டுவிரியன் கடித்தால் அது பாம்பின் குற்றமா, செருப்பைத் தடுத்த சாதியின் குற்றமா? நான் அதைச் சாதிக் கொலை என்றுதான் எழுதுவேன். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது, வரவேற்கிறேன். எண்ணும்போது சாதியையும் சேர்த்து எண்ணுங்கள். செத்தவர் எந்தத் தெரு, காலில் என்ன இருந்தது என்றும் எழுதுங்கள்.

நம் பக்கத் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உடும்பு, அரணை என்று எழுதினால், 'பழைய இழிவைக் கிளறுகிறாய், நாம் படித்து மேலே போக வேண்டாமா?' என்கிறார்கள். தின்றதில் எந்த இழிவும் இல்லை, இழிவு என்று சொன்னவன் வாயில்தான் இருக்கிறது. இன்னும் சிலர், 'எங்கள் உணவு, எங்கள் உரிமை, உடும்பைப் பிடித்தே தீருவோம்' என்கிறார்கள். அதுவும் எனக்கு உடன்பாடு இல்லை. கரடு முழுசாக இருந்தபோது நாங்கள் பிடித்ததால் உடும்பு குறையவில்லை. இன்று கரடே இல்லை. மிஞ்சின நாலைந்தையும் பிடித்துவிட்டு உரிமை பேசினால் குவாரிக்காரன்தான் சிரிப்பான். புறம்போக்கு நிலத்தைக் கேட்காமல் உடும்புக் கறியை மட்டும் கேட்பது நமக்குக் காணாது. பஞ்சமி நிலத்துக்காகப் போராடுகிற அதே மூச்சில் கரட்டையும் ஓடையையும் மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்துக் கேட்போம்.

ஆகவே காட்டுயிர் நண்பர்களே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். புற்றையும் வளையையும் இடிப்பது வேட்டை என்று சட்டம் சொல்கிறதே, அந்தப் பிரிவில் ஒரு குவாரி மேல், ஒரு மனை வியாபாரி மேல் புகார் எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போட எங்கள் வளவே வருகிறோம். கரட்டைக் குத்தகைக்கு விடும் முன்னால் அங்கே என்ன சீவன் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத உட்காரும்போது ஆடு மேய்ப்பவரையும் களை வெட்டுபவரையும் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் கடிமருந்து இருக்கிறதா என்று எங்களோடு வந்து பாருங்கள். இவ்வளவும் செய்துவிட்டு அப்புறம் எங்கள் அடுப்புக்கு வாருங்கள். சட்டியை நாங்களே திறந்து காட்டுகிறோம். ரேசன் அரிசிச் சோறும் புளித்தண்ணியும்தான் இருக்கும்.